தோற்கத் தெரிந்தவர்களின் பட்டியல்

சரித்திரம் படித்தவர்களிடம் எங்கள் ஊர் சிலிம் ரிவரின் பெயரைச் சொன்னால் ஒரே ஒரு சண்டைதான் நினைவுக்கு வரும். 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலையோடு உருண்டு வந்து, ரப்பர் மரங்களுக்கிடையே களைத்துக் கிடந்த இந்தியப் படைப்பிரிவுகளைச் சிதறடித்தன. நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதே சாலையோரத்துக்கு ஜப்பானிலிருந்து இன்னொரு சண்டை வந்தது. இந்த முறை பலகைப் பெட்டிக்குள் இருந்தது. சீனர் கடை ஒன்றின் பின்கட்டில், அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே நின்றது. டோக்கன் போட்டால் அடிக்கும்.

கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகம் அது. திரையில் உலக வரைபடம் விரியும். எட்டுப் பேரில் ஒருவரைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஜப்பானுக்கு இருவர், அமெரிக்காவுக்கு இருவர், சீனாவுக்கு ஒரு பெண், ரஷ்யாவுக்கு ஒரு மல்லன், பிரேசிலுக்கு ஒரு பச்சைப் பிராணி, இந்தியாவுக்கு ஒரு யோகி. மற்ற ஏழு பேரையும் அடித்து முடித்தால் எதிரே வரும் நால்வரில் ஒருவனான சகாட் தாய்லாந்துக்காரன். விமானம் இந்தியாவிலிருந்து சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் பறக்கும்போது மலேசியாவை ஒட்டியே போகும், இறங்காது. நம் நாட்டுக்கு ஏன் ஆள் இல்லை என்று அன்றைக்கு யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்தப் பட்டியல் எங்களுக்கு மழை வெயில் மாதிரி. மேலிருந்து வருவது, மாற்ற முடியாதது.

ஆனால் எட்டுப் பேரை யார் யாருக்குப் பங்கு போடுவது என்பதில் சச்சரவு உண்டு. முதல் பதிப்பில் இரண்டு பேர் ஒரே ஆளை எடுக்க முடியாது. ரியூவை எவன் முதலில் தொட்டானோ அவனுக்கே ரியூ. மற்றவன் கென்னோடு திருப்திப்பட வேண்டும். இந்தியாவின் தால்சிமை மட்டும் யாரும் கேட்காமலேயே எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். "உன் ஆளு டா, நீ எடு." கழுத்தில் மண்டையோட்டு மாலை, ஒட்டிப்போன வயிறு, ரப்பர் போல் நீளும் கைகால், பின்னால் வரிசையாக யானைகள். தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த தமிழ்ப் பையன்களுக்கு அவனை எடுக்கக் கூச்சம். அந்த மண்டையோடுகள் கொள்ளை நோயில் செத்த அவன் ஊர்க் குழந்தைகளுடையவை, அவன் சண்டை போடுவதே ஊர் ஏழைகளுக்குக் காசு சேர்க்கத்தான் என்ற கதையெல்லாம் கம்பெனி எழுதி வைத்திருந்தது. பெட்டி முன்னால் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தால்சிமை ஆடுவது கஷ்டம். மெதுவாக நடப்பான், பக்கத்தில் வந்துவிட்டால் அடி வாங்குவான். தூரத்தில் நிறுத்தி வைத்து, நீட்டி நீட்டி அடித்து எதிராளியின் பொறுமையைத் தின்னத் தெரிந்தவனுக்குத்தான் அவன் மசிவான். அவனை எடுத்துத் தோற்றால் தோற்றது நீ மட்டும் இல்லை, உன் ஆட்களும் சேர்ந்து தோற்ற மாதிரி ஒரு சிரிப்பு கேட்கும். அதனால் எங்களில் பாதிப் பேர் அமெரிக்க ராணுவக்காரன் கைலின் பின்னால் ஒளிந்துகொண்டோம். கடைசியில் அந்தக் கடையில் தால்சிமை உருப்படியாக ஆடிக் காட்டியவன் கம்பத்திலிருந்து வரும் ஒரு மலாய்ப் பையன். அவன் கையில் யோகி ஜெயிக்க ஜெயிக்க "உன் ஆளு" என்ற பேச்சு தானாக நின்றது. அதன் பிறகு தால்சிம் யாருடைய ஆளும் இல்லை. ஆடத் தெரிந்தவனின் ஆள்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்ற வழக்கு அந்தப் பின்கட்டில் எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால், அது தோல்வியால் தீர்ந்தது. தோற்றால் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். இருபது பேர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். சீனப் பெண் சுன்-லீ இன்று யாரிடம், எப்படித் தோற்றாள் என்று பட்டணம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தோற்றும் மறுநாள் வந்து நிற்கிற ஆள்தான் பட்டியலில் தன் இடத்தைக் கெட்டிப்படுத்திக்கொண்டான்.

போலிப் பெட்டிகளும் வந்தன. தைவானில் 1992 வாக்கில் யாரோ நோண்டிவிட்ட 'ரெயின்போ' பதிப்பு என்ற ஒன்று ஆசியா முழுக்கச் சுற்றியது. அதில் சண்டை நடக்கும்போதே பொத்தானை அழுத்தி ஆளை மாற்றிக்கொள்ளலாம். அடி வாங்கிக்கொண்டிருக்கும் ரியூ அடுத்த நொடியில் ரஷ்ய மல்லன் ஸாங்கீஃப். ஆகாயத்தில் தாவியபடியே நெருப்புருண்டை விடலாம், அதுவும் ஒன்றல்ல, சரமாரியாக. முறைகேடுதான். ஆனால் அசல் கம்பெனியே இதைப் பார்த்துத்தான் தன் அடுத்த டர்போ பதிப்பின் வேகத்தையும் சில வித்தைகளையும் கூட்டியது. மறைந்து வேறிடத்தில் தோன்றும் வித்தை தால்சிமுக்குக் கிடைத்தது அந்தப் பதிப்பில்தான். திருட்டுப் பெட்டியால் யோகிக்குச் சித்தி கிட்டியது என்று சொல்லலாம்.

பிறகுதான் கலப்படச் சண்டைகளின் காலம். எஸ்என்கே நிறுவனம் 1994இல் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் என்று ஒன்றை இறக்கியது. தன் நான்கைந்து பழைய ஆட்டங்களின் ஆட்களை ஒரே மைதானத்தில் விட்டு, நாட்டுக்கு மூவராக எட்டு அணி கட்டியது. முதல் ஆண்டு அணி அவர்கள் கட்டியதுதான். 1995இல் வந்த அடுத்த பதிப்பில் மூவரை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்த ஒரு மாற்றம் போதும், பட்டணத்தில் படிப்பு கெட்டது. பேருந்துக்குக் காத்திருக்கிற நேரம், பள்ளி வராந்தா, கோப்பிக் கடை, எங்கும் இதே பேச்சு. இயோரியும் கியோவும் ஜென்மப் பகையாளிகள், ஒரே அணியில் வைக்கலாமா? முந்தின வருஷம் அமெரிக்காவுக்காக ஆடிய மூன்று விளையாட்டு வீரர்களைக் கம்பெனி ஏன் கழற்றிவிட்டது? அவர்களுக்காக உருகிய ஒரே ஒருவன் எங்கள் கும்பலில் இருந்தான். 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்மூவரும் திரும்பி வந்தபோது அவன் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நடந்தான்.

கேப்காம் சும்மா இருக்குமா? 1996இல் எக்ஸ்-மென் படக்கதை ஆட்களைத் தன் தெருச் சண்டைக்காரர்களோடு மோத விட்டது. வுல்வரினுக்கு எதிரே யோகி நின்றான். அந்தப் பெட்டியில்தான் தால்சிம் எங்கள் கண்ணுக்கு முதன்முதலாக அழகாகத் தெரிந்தான் என்று நினைக்கிறேன். இரும்பு நகம், கண்ணில் நெருப்பு, காந்த சக்தி என்று எத்தனையோ அதிசயம் நிற்கிற மேடையில் நீளும் கை ஒரு விசித்திரமாகவே இல்லை. 2000இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் இரண்டாம் பாகத்தில் 56 பேர். அதே வருஷம் கேப்காமும் எஸ்என்கேயும் கைகோத்தபோது ஒரு புதுக் கணக்கு வைத்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பு உண்டு, அணிக்கு மொத்தம் நான்கு புள்ளிதான். பலசாலி ஒருவனை எடுத்தால் அவனோடு முடிந்தது. சின்ன ஆட்கள் நால்வரை எடுத்தால் நால்வரும் வருவார்கள். யார் பெரியவன் என்ற வாதத்துக்குக் கம்பெனியே விலைச்சீட்டு ஒட்டிவிட்டதே என்று எங்களுக்கு ஆத்திரம். அடுத்த வருஷமே அந்தச் சீட்டைக் கிழித்து, மதிப்பை ஆடுகிறவன் கையில் விட்டார்கள்.

இந்தக் கலப்பட ஆசை ஜப்பான்காரன் கண்டுபிடித்ததில்லை. வனத்தில் பூத் தேடிப் போன பீமன் வழியில் கிடந்த கிழக் குரங்கின் வாலைத் தூக்க முடியாமல் தவித்தானே, அது ராமாயணத்து ஆளைப் பாரதத்துக்குள் இறக்கிய ஆட்டம். சியமந்தக மணிக்காகக் கண்ணனும் ஜாம்பவானும் 28 நாள் கட்டிப் புரண்டது இன்னொன்று. இரண்டிலும் கவனித்துப் பாருங்கள், பெரிய ஆள் ஒருவர் தோற்கிறார், தோற்றபின் உறவு உண்டாகிறது. பீமனுக்கு அண்ணன் கிடைத்தான். கண்ணனுக்கு ஜாம்பவதி கிடைத்தாள்.

அதே ஆசை தோட்டத்தில் சினிமா ரூபத்தில் இருந்தது. எங்கள் அப்பா காலத்துக்காரர்கள் எம்ஜிஆருக்கும் சிவாஜிக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார் என்று லயத்து வாசலில் உட்கார்ந்து வழக்காடியவர்கள். இருவரும் சேர்ந்து நடித்த படம் 1954இல் வந்த கூண்டுக்கிளி ஒன்றுதான். அதற்குப் பிறகு தமிழ் சினிமா அந்த இருவரையும் ஒரே சட்டகத்தில் வைக்கத் துணியவில்லை. காரணம் எளிது. ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்க வேண்டும். தோற்றவருடைய ரசிகர் கொட்டகையை விடமாட்டார்.

எங்கள் தலைமுறை இந்த வழக்கைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனது. எல்லோருக்கும் ஒரு சொந்தப் பட்டியல் இருந்தது. ரஜினி இல்லாத பட்டியல் கிடையாது. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி இருப்பார். எவனாவது ஒருவன் சிகாக்மேன் மாதிரி ஒரு பல்லி மனிதனைத் தானாகவே வரைந்திருப்பான், அந்த மலாய்ப் படம் 2006இல் வருவதற்குப் பல வருஷம் முன்பே. நான் தோட்டத்து எல்லையில் வெள்ளைக் குதிரையும் அரிவாளுமாக நிற்கும் முனியாண்டிச் சாமியை வரைந்தேன். மீசைக்கே ஒரு முழுப் பக்கம். சிறப்பு அடி, சுருட்டுப் புகை. பாட்டி பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, ஒரு சந்தேகம்தான் வந்தது.

"இதுல சாமி தோத்துப் போவுமா?"

"யார் ஆடுறாங்களோ அவங்களப் பொறுத்தது பாட்டி."

"அப்ப வேணாம். அழிச்சிடு."

சண்டை ஆட்டத்தின் அடிப்படைச் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே வருகிற எவரும் தோற்கக் கூடியவராக இருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை பொத்தான்களைக் கண்டபடி தட்டினாலும் எதிரே நிற்கும் மகாவீரன் சாய வேண்டும். அப்படிச் சாயவிட மனம் ஒப்பாத ஆளுக்கு அங்கே வேலையில்லை.

1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. அதுவரை கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் போகிற பேருந்தெல்லாம் எங்கள் கடைத்தெருவில் நின்று போகும், பயணிகளில் ஒருவன் இறங்கி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ஏறுவான். அந்நியனிடம் தோற்கிற பாக்கியம் அத்தோடு குறைந்தது. புத்தாயிரம் பிறந்த கையோடு, வீடியோ கேம் கடைகளுக்குள் சூதாட்ட இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன என்று அரசு அவற்றின் மேல் பாய்ந்தது. பள்ளி நேரத்தில் கட்டொழுங்கு ஆசிரியர் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போகிற காட்சியும் அவற்றோடு போனது. பாசார் மாலாமில் விற்ற திருட்டு வட்டு, பிளேஸ்டேஷன், பிறகு சிசி என்று நாங்கள் சொல்லும் சைபர் கஃபே, பிறகு கைப்பேசி. இதற்குள் ரப்பர் மரம் போய்ச் செம்பனை நின்றது. லயத்துச் சனம் தாமான் வீடுகளுக்கு வந்தது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் தஞ்சோங் மாலிமில் கார் பூட்டப் போனார்கள். 2010இல் மின்சார ரயில் வந்து தலைநகரையும் ஈப்போவையும் இன்னும் பக்கத்தில் இழுத்தது. இதெல்லாம் எல்லோரும் எழுதிய கதை, விடுகிறேன்.

எழுதாத கதை 2017 செப்டம்பர்.

அந்த மாதத் தொடக்கத்தில் தைவான் குழு ஒன்று செய்து, பிரிட்டன் நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஒரு சண்டை ஆட்டம் ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வந்தது. பெயர் ஃபைட் ஆஃப் காட்ஸ். இயேசு, புத்தர், ஜீயஸ், ஓடின், அனுபிஸ், அமதெராசு, சீனர்களின் குவான் கோங் எல்லோரும் ஒரே மேடையில் குத்திக்கொள்வார்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 24 மணி நேரக் கெடு விதித்தது. நம் நாட்டவர் அதை வாங்க முடியாதபடி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டோம் என்றது. கெடு முடிந்ததும் ஒரு ஆட்டத்தை மட்டும் தடுக்க வழியில்லாமல் ஸ்டீம் தளத்தையே அடைத்துவிட்டார்கள். டோட்டா ஆடிக்கொண்டிருந்தவனும், பந்து உதைத்துக்கொண்டிருந்தவனும், இயேசுவும் புத்தரும் அடித்துக்கொள்வதைக் கேள்வியே படாதவனும் திரையைப் பார்த்து விழித்தான். அந்த ஆட்டம் மலேசியாவில் மட்டும் காட்டப்படாமல் நீக்கப்பட்டதும் ஓரிரு நாளில் கதவு திறந்தது.

ஒரு சண்டை ஆட்டத்தில் யார் இருக்கலாம் என்று ஒரு நாட்டு அரசாங்கம் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன சந்தர்ப்பம் உலகத்திலேயே அபூர்வம். அது நம் நாட்டில் நடந்தது. தளத்தையே அடைத்தது கொசுவுக்குக் கொட்டகையைக் கொளுத்திய கதைதான். அதை ஆதரிக்க எனக்கு வாய் வராது. ஆனால் அரசாங்கம் கேட்ட கேள்வி பாட்டி கேட்டதுதான் என்பதையும் மறுக்க முடியாது. குவான் கோங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ச் சீனர் கடைகளில் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாகப் பீடத்தில் இருப்பவர் அவர். அவரே குவான் யூ என்ற பெயரில் 1997இல் வந்த டைனஸ்டி வாரியர்ஸ் முதல் பாகத்தில் நேருக்கு நேர் சண்டை போட்டார், எத்தனையோ தடவை மண்ணைக் கவ்வினார். கடைக்காரர் மகனே அவரைத் தோற்கடித்துவிட்டு ஊதுவத்தி கொளுத்தினான். ஒருவருக்கும் மனம் நோகவில்லை. அங்கே அவர் மூன்று ராஜ்ஜியக் கதையின் தளபதி. தளபதி தோற்கலாம். பீடத்தில் இருப்பவர் தோற்க முடியாது. அந்தத் தைவான் ஆட்டம் ஆளைத் தளபதியாகக் கூப்பிடவில்லை, பீடத்தோடு தூக்கி வந்தது.

தமிழர் பக்கமும் இந்தச் சங்கடம் தீர்ந்தபாடில்லை. ஸ்மைட் என்ற ஆட்டத்தில் காளியை வைத்ததற்கு 2012இல் அமெரிக்காவில் இந்துக்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவள் உடை பற்றிய பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் வணங்குகிற தெய்வத்தை எவனோ ஒருவன் பொத்தானால் ஆட்டிவைப்பதா என்பது அவர்கள் முன்வைத்த குறை. காளியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற ஊர்க்காரனாக எனக்கு அந்தக் குறை புரிகிறது. ஆட்டம் ஆடி வளர்ந்தவனாக, ஆடுகிறவன் அவமதிக்கவில்லை என்பதும் புரிகிறது. இரண்டும் ஒரே மண்டைக்குள் குடியிருக்கின்றன, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அதே 2017 செப்டம்பரில் நேர்மாறான ஒரு விபத்தும் நடந்தது. மார்வெல், கேப்காம் கலப்பட வரிசையில் இன்ஃபினிட் என்ற புதுப் பாகம் வந்தது. எக்ஸ்-மென் ஆட்கள் ஒருவர்கூட அதில் இல்லை. இருபது வருஷமாக அந்த வரிசையின் தூண்களாக இருந்த மேக்னீட்டோவும் ஸ்டோர்மும் எங்கே என்று ரசிகர்கள் கேட்க, ஆட்டத்தைச் செய்தவர்கள் தரப்பில் ஒரு விளக்கம் வந்தது. ஆட்கள் என்பவர்கள் ஆட்டத்தில் அவர்கள் செய்யும் வேலைதான், மேக்னீட்டோ செய்த வேலையை இன்னின்னார் செய்வார்கள் என்கிற மாதிரி. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஆட்டமும் எடுபடவில்லை. ஒரு தமிழ்ப் படத்தில் வடிவேலுவைத் தூக்கிவிட்டு, அதே நேரத்துக்கு அதே அளவு சிரிக்க வைக்க வேறு ஏற்பாடு இருக்கிறது என்று தயாரிப்பாளர் சொன்னால் நாம் விடுவோமா?

ஒரே மாதத்தில் இந்த இரண்டும் நடந்ததை நான் தற்செயல் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அடிக்கடி நினைப்பேன். ஒரு ஆட்டத்தில் முகம் மட்டும் வந்தது, கை வரவில்லை. புத்தர் அடிப்பதும் ஜீயஸ் அடிப்பதும் கையில் பிடித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றுதான், சிரிப்பு அடங்கியதும் அலுத்துப்போகும். இன்னொன்றில் கை மட்டும் வந்தது, முகத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். தால்சிமின் முகம் எங்களுக்குப் பிடிக்காத நாளிலும் அவன் கை வேறு யாருக்கும் இல்லை. அந்தக் கைக்குப் பழகிய பிறகு முகமும் பிடித்துப் போனது. இரண்டும் ஒட்டி வளர எத்தனையோ ஆயிரம் தோல்வி ஆகிறது.

இன்றைக்குப் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் மொபைல் லெஜண்ட்ஸ். ஐவர் எதிர் ஐவர் ஆட்டம், எங்கள் கணக்கில் சண்டை ஆட்டமே ஆகாது. ஆனால் யார் உள்ளே வரலாம் என்ற வழக்கு அதில்தான் உயிரோடு இருக்கிறது. தென்கிழக்கு ஆசியச் சந்தைக்காக அதை நடத்தும் சீன நிறுவனம் ஊர் ஊராக ஆள் பிடித்தது. பிலிப்பீன்ஸின் லாப்பு-லாப்பு, இந்தோனேசிய நிழற்கூத்திலிருந்து கடோத்கஜன், மலாய்ப் பழங்கதையிலிருந்து பாடாங். உலக வரைபடத்தில் எங்களைத் தாண்டிப் பறந்த விமானம் கடைசியில் இறங்கிவிட்டது. ஒரு மாமாக் கடையில் பையன் ஒருவன் கடோத்கஜனாக ஆடிக்கொண்டிருந்தான். அது பீமன் மகன் என்று சொன்னேன். "இல்ல அங்கிள், அவன் இந்தோ ஆளு" என்றான். ஜாவாவில் அவன் ஆகாயத்தில் பறக்கும் பெருவீரன், நம் பாரதக் கதையைவிட அங்கே அவனுக்கு மவுசு அதிகம். ஆகவே பையன் சொன்னதும் சரிதான்.

அதே ஆட்டத்துக்குள் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆட்களும் வந்தார்கள். எப்படி? சட்டையாக. நாங்கள் உயிரை விட்ட இயோரி அதில் தனி ஆள் கிடையாது. சோவ் என்ற வேறொருவன் காசு கொடுத்தால் போட்டுக்கொள்கிற வேஷம். தலைமுடி இயோரி, உதை சோவ். ஃபோர்ட்நைட்டிலும் இதே கதைதான், சுன்-லீ வேஷம் போட்டவளும் ரியூ வேஷம் போட்டவனும் ஒரே மாதிரிதான் துப்பாக்கி பிடிக்கிறார்கள். இந்தக் காலத்தை எண்ணி எனக்கு ஆற்றாமை இருந்தால் அது இந்த ஒரு விஷயத்தில்தான்.

மற்றபடி பிள்ளைகள் எங்களைவிட விவரமானவர்கள். ஒரு குத்து எத்தனை சட்டகத்தில் விழும், தடுத்தால் யாருக்கு முந்து என்று நொடியை அறுபதாக வெட்டிப் பேசுகிறார்கள். எங்கள் பின்கட்டில் பெண் பிள்ளை ஒருத்திகூடக் கால் வைத்ததில்லை. இன்று வீட்டு நாற்காலியிலிருந்தே ஆடுகிறார்கள், அண்ணனைத் தோற்கடித்துவிட்டு அம்மாவிடம் சொல்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்து "உன் ஆளு" என்று தள்ளிவிடுவதில்லை. வயதும் தடையில்லை. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குத் தங்கம் வாங்கிய தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. பெட்டிக் காலத்து ஆள். அந்தச் செய்தி வந்த இரவு என் வயதுக்காரர்கள் பலர் பெண்டாட்டிமாரிடம் அதைப் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாறியது வாதத்தின் நேரம். நாங்கள் ஆடி முடித்துவிட்டு வாதாடினோம். இவர்கள் ஆள் வருவதற்கு முன்பே வாதாடுகிறார்கள். கம்பெனிக்கு அது வசதி. பட்டியல் இப்போது முடிவதே இல்லை, வருஷத்துக்கு நான்கு பேரைத் தனித்தனியாக விற்கிறார்கள். நிண்டெண்டோ தன் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டத்துக்கு யார் வேண்டும் என்று 2015இல் உலகத்திடமே ஓட்டுக் கேட்டது. முதலிடம் பிடித்த சோரா என்ற பையன் 82ஆம் எண் வீரனாக, பட்டியலின் கடைசி ஆளாக வந்து சேர 2021 ஆகிவிட்டது. ஓட்டுப் போட்டது ஜனம், கையெழுத்துப் போட வேண்டியது டிஸ்னி. உரிமைக்காரர்களின் கூச்சம் பாட்டியின் கூச்சத்தைவிடப் பெரியது. மோர்ட்டல் கோம்பாட் ஆட்களோடு சூப்பர்மேனும் பேட்மேனும் 2008இல் மோதியபோது, எதிரியின் தலையைப் பிய்த்து எறிவதற்கே பெயர்போன அந்த ஆட்டத்தில் இவர்களைப் போன்ற நாயகர்கள் மட்டும் யாரையும் கொல்லக் கூடாது என்று ஏற்பாடு. நல்லவன் பெயர் கெட்டுவிடுமாம்.

தால்சிமுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. 1997இல் மூன்றாம் பாகத்தில் அவனை வெளியே வைத்தார்கள். நான்காம் பாகத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். 2023இல் வந்த ஆறாம் பாகத்திலும் முதல் நாளிலிருந்தே இருக்கிறான், தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி. எஸ்என்கேயின் டெர்ரி 2024இல் விருந்தாளியாக வந்து சேர்ந்தான், 2025இல் மாய் வந்தாள். முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் கோப்பிக் கடை கனவு கண்ட ஆட்டம் அது. யோகி இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறான்.

நம் நாட்டுக்கு ஒரு சண்டை ஆட்டம் செய்தால் யார் யாரை வைப்பது என்று இப்போது பையன்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். எட்டுப் பேர், அந்தப் பழைய பெட்டி மாதிரி. பாடாங்குக்கு இடம் உறுதி. ஹாங் துவாவுக்குத் தயக்கம், அவர் பெயரில் தெருவும் மண்டபமும் இருக்கிறதே, தோற்றால் யார் பதில் சொல்வது? வௌவால் வேஷம் போட்ட கெலுவாங் மேன் வரலாம், 2025இல் படமாகவே வந்துவிட்டான். போபோய்பாய் கார்ட்டூன் கூட்டத்திலிருந்து கோபால். உப்பின் இப்பின் தொடரின் முத்து அங்கிள், ரொட்டிக் கல்லும் கரண்டியுமாக. இவரைச் சொன்னதும் எல்லா இனத்துப் பையன்களும் கை தூக்கினார்கள். அடி வாங்கினாலும் சிரிக்கிற ஆள், இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

நான் சேர்க்கச் சொன்ன பெயரை எவனும் கேள்விப்பட்டதில்லை. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் பாடாங்கின் கதையோடு ஒட்டி வருகிறவர். பாடாங்கின் பலத்தைக் கேள்விப்பட்டு, கடலுக்கு அப்பால் இருந்த கலிங்க ராஜா தன் மல்லனை ஏழு கப்பலோடு சிங்கப்பூருக்கு அனுப்புகிறார். நாடி விஜய விக்கிரமன் என்று பெயர், பிரதிக்குப் பிரதி சற்று மாறும். பந்தயம் கப்பல் ஏழும். பல சுற்றுக்குப் பிறகு அரண்மனை முன் கிடந்த பாறையைத் தூக்குவது என்று முடிவாகிறது. நம் பக்கத்து மல்லன் முழங்கால் வரை தூக்கிப் போட்டுவிட்டார். பாடாங் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கே வீசி எறிந்தார். அந்தப் பாறைதான் ஆற்று வாயில் கிடந்த சிங்கப்பூர்க் கல் என்பது வழக்கு. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், ஒரு துண்டு மட்டும் சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மல்லன் கப்பல்களைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். பின்னாளில் பாடாங் இறந்த செய்தி எட்டியதும், சமாதிக்கு நட்டு வைக்கக் கல் அனுப்பியவர் அதே கலிங்க ராஜா என்கிறது நூல்.

கதையைக் கேட்டுவிட்டு, முழங்கால் வரை தூக்குகிறவனுக்குத் தனி வித்தை என்ன தருவது என்று ஒருவன் கணக்குப் போட ஆரம்பித்தான். பாதி தூக்கிய பாறையைக் கீழே போட்டு நிலத்தை அதிர வைக்கலாம், எதிராளி ஒரு நொடி தடுமாறுவான், தூரம் கிடைக்காது, ஆனால் பக்கத்தில் வந்தவன் செத்தான். தால்சிமுக்கு நேர் எதிர். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மற்றவை நிரம்பி ஒரே ஒரு இடம்தான் மீதி. கடைசி நாற்காலியில் இருந்தவன் கபாலியைத்தான் போட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றான். கோட்டு, சூட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடி. மலேசியத் தமிழனாக ரஜினி நடித்ததை நாமே விட்டுவிட்டால் வேறு யார் எடுப்பான் என்று கேட்டான். நியாயமான பேச்சுதான். கபாலி தோற்கலாமா என்று கேட்டேன். தேத்தாரிக்கை ஆற்றியபடி கொஞ்சம் யோசித்தான்.

"முதல் ரவுண்டுல மட்டும் தோக்கலாம் அங்கிள்."